பின்சக்கர பேரிங் மாற்றம்: குண்டுகள் மேல் விசை விழாமல் ஒரு வீட்டு வேலை

காரின் பின்பக்கத்திலிருந்து கொஞ்ச காலமாக ஒரு ஊளைச் சத்தம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஆரம்பிக்கும். 60-ஐத் தாண்டினால் உள்ளே பேசுகிறவர்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஓடுகிற வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். இன்ஜின் வேகம் இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. ஆக, இன்ஜின் கணக்கில் இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான்.

டயரும் இதே மாதிரி ஊளையிடும். அதனால் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைச் சந்தேகித்து, புதியது வாங்குவதற்கு முன் டயர் மீதான சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். சொரசொரப்பான காங்கிரீட்டில் ஒரு குரல், வழவழப்பான தாரில் வேறு குரல். பேரிங்குக்கு எல்லாச் சாலையும் ஒன்றுதான். என் வண்டியில் சாலை மாறியும் சத்தம் மாறவில்லை. உறுதிக்காகப் பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். சத்தம் டயரோடு முன்னால் வரவில்லை, பின்னாலேயே நின்றது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்பவும் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, இடதா வலதா? வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கச் சக்கரங்கள் கூடுதலாகச் சுமக்கும். ஆளில்லாத அகலமான சாலையில் ஸ்டியரிங்கை மெதுவாக இருபுறமும் அசைத்துப் பார்த்ததில், இடப்பக்கம் திரும்பும்போது உறுமல் ஏறியது, வலப்பக்கம் திரும்பும்போது அடங்கியது. அப்படியானால் வலது பின்சக்கரம். ஆனால் பின்சீட்டில் இருந்த மகன், "இல்லப்பா, இடது பக்கம்தான் கேக்குது" என்று அடித்துச் சொன்னான். இந்த விஷயத்தில் காதை மட்டும் நம்ப முடியாது. பாடியின் தகடுகள் வழியாகச் சத்தம் எங்கோ நுழைந்து எங்கோ வெளிவரும். தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். இது முன்சக்கர டிரைவ் வண்டி என்பதால் பின்சக்கரம் தங்குதடையில்லாமல் சுற்றும். ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங் மேல் வைக்க வேண்டும். இடது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வலது பக்கம் ஸ்பிரிங் கம்பியில் மணலை அரைக்கிற மாதிரி ஒரு அதிர்வு, விரல் நுனியில் தெளிவாகத் தெரிந்தது. சந்தேகம் அதோடு தீர்ந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். ஆட்டம் இல்லை என்றால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் சக்கரத்திலும் ஆட்டம் துளியும் இல்லை. பேரிங்கின் ஓடுபாதையில், அதாவது குண்டுகள் உருளும் தடத்தில், முதலில் வருவது பொரிந்த குழிகள். ஆட்டம் வருவது அதற்கு வெகுநாள் கழித்து. ஆட்டம் வந்துவிட்டால் பேரிங் ஆபத்தான நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஆட்டம் இல்லாததை வைத்து நிம்மதி அடைய முடியாது.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வேலை மொத்தமும் அதைப் பொறுத்தது. பழைய வண்டிகளில் பிரேக் டிரம்முக்குள் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற பாகம்) இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள், அதாவது குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ளவை, எதிரெதிராக இருக்கும். கிரீஸ் நாமே அடைக்க வேண்டும். நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, காட்டர் பின் போட்டுப் பூட்ட வேண்டும். இன்றைய பல வண்டிகளில் ஹப்பும் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) பேரிங்கும் ஒரே யூனிட்டாக வரும். நான்கு போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் பூட்டினால் வேலை முடிந்தது. அழுத்திப் பொருத்தும் பிரஸ் தேவையே இல்லை. மூன்றாவது வகை, டிரம்மின் நடுத்துளைக்குள் அழுத்திப் பொருத்திய இரட்டை வரிசைக் குண்டு பேரிங். என் வண்டியில் இருப்பது இது. மூன்றிலும் இதுதான் அதிக கவனம் கேட்கிறது.

ஏன் என்றால், இந்தப் பேரிங்கின் ஆயுள் பெரும்பாலும் பொருத்துகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. வெளி வளையம், உள் வளையம், நடுவே குண்டுகள். குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிக மிகச் சிறியது. ஓடும்போது வரும் பாரத்தைத் தாங்க அது போதும். ஆனால் பிரஸ்ஸில் வரும் டன் கணக்கான அழுத்தமோ, சுத்தியல் அடியோ அந்தச் சின்னப் புள்ளிகள் வழியாகப் போனால் ஓடுபாதையில் நுண்ணிய பள்ளங்கள் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கையால் சுற்றினால்கூடச் சில நேரம் தெரியாது. சாலையில் இறங்கிய பிறகு முதல் நாளே உறுமும். புதுப் பேரிங்கே சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

அதனால் விதி ஒன்றே ஒன்று. டிரம்முக்குள் பேரிங்கை இறக்கும்போது விசை வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஆக்ஸில் மேல் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும். எந்த நேரத்திலும் குண்டுகள் வழியாக விசை போகக் கூடாது. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் கைவேலை.

எந்த வளையம் இறுக்கம், எது லேசு என்பதற்கும் காரணம் உண்டு. பின்சக்கரத்தைத் தாங்கும் குட்டையான அச்சு, அதாவது ஸ்டப் ஆக்ஸில், சுற்றுவதில்லை, டிரம்தான் சுற்றுகிறது. சுற்றுகிற வெளி வளையத்தின் ஒவ்வொரு இடத்திலும் பாரம் மாறி மாறி விழுவதால், லேசாகப் போட்டிருந்தால் அது துளைக்குள் மெல்ல நகர்ந்து டிரம்மைத் தின்றுவிடும். அதனால் அங்கே இறுக்கப் பொருத்தம். நிலையாக நிற்கிற உள் வளையத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. அது கையால் தள்ளினாலே ஆக்ஸில் மேல் ஏறும் அளவுக்கு விடப்பட்டிருக்கும், நட்தான் அதைப் பிடித்து வைக்கும்.

கருவிகளில் வழக்கமான ஸ்பானர் செட் தவிர எனக்குத் தேவைப்பட்டவை: பெரிய சாக்கெட், நீளமான பிரேக்கர் பார், குறித்த அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச், உள் சர்க்ளிப் (பேரிங் வெளியே வராமல் பள்ளத்தில் உட்கார்ந்து தடுக்கும் வில் வளையம்) பிளையர், இழுத்துக் கழற்றும் புல்லர், கிரைண்டர், தடித்த திரெட் ராட், சில கனமான இரும்புத் தட்டுகள், ஒரு துண்டு இரும்புக் குழாய். ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முடியும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பேரிங் எஃகு கடினப்படுத்தப்பட்டது. அடிபட்டால் வளையாமல் சில்லாகத் தெறிக்கும்.

நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பைச் சுற்றிலும் உளியால் மெல்லத் தட்டி நெம்பியதும் நட் தெரிந்தது. நட்டின் கழுத்துத் தகட்டை ஆக்ஸில் பள்ளத்துக்குள் தட்டிப் பூட்டியிருந்தார்கள். அந்தத் தகட்டை முழுதாக நிமிர்த்திவிட்டுத்தான் சாக்கெட்டைப் போட வேண்டும். அப்படியே திருகினால் ஆக்ஸில் திரெட் கெட்டுவிடும், அப்புறம் ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதுதான். நட் பெரிய இறுக்கத்தில் இருக்கும் என்பதால், முதல் திருப்பை வண்டி தரையில் நிற்கும்போதே, வீல் நடுத்துளை வழியாகக் கொடுத்தேன். ஆக்ஸில் சுற்றாது என்பதால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த இதில் தேவையில்லை. தரையில் வைத்துச் செய்வது ஸ்டாண்டில் வண்டி ஆடாமல் இருக்கத்தான். முன்சக்கரத்தில் இதே வேலையைச் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் முதலில் பிடிபடாது. அங்கே ஆக்ஸிலும் சேர்ந்து சுற்றும்.

நட்டை எடுத்த பிறகும் டிரம் வரவில்லை. இது எதிர்பார்த்ததுதான். வருடக்கணக்கில் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பாகம்) தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உட்புறம் ஒரு தடம் விழுந்து, விளிம்பில் சிறு வரப்பு மாதிரி நின்றுவிடும். ஷூ அந்த வரப்பில் மாட்டிக்கொள்ளும். ஓங்கி அடித்து இழுத்தால் ஷூவைப் பிடித்திருக்கும் பின்களும் ஸ்பிரிங்குகளும் பிய்ந்து வரும். பிரேக் தட்டின் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சில பல் நகர்த்தியதும் ஷூக்கள் உள்வாங்கின. டிரம்மை இரு கையால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்ததில் வந்துவிட்டது.

உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை வாயாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இல்லாவிட்டாலும் அது நுரையீரலுக்கு ஆகாத தூசி. பிரேக் கிளீனரைத் தெளித்து ஈரமாக்கி, கீழே தட்டு வைத்து வழித்து எடுத்தேன். கிளீனர் டப்பாவில் குளோரின் சேர்ந்தது என்று எழுதியிருந்தால் அது முழுக்கக் காயும் வரை பக்கத்தில் தீயோ, கிரைண்டர் பொறியோ, ஹாட் ஏர் கன்னோ கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாக மாறும். குளோரின் இல்லாத வகையாக வாங்கிவிடுவதே உத்தமம். ஆனால் அந்த வகை தீப்பிடிக்கும், ஆகவே அதையும் காயவிட்டுத்தான் அடுத்த வேலை.

டிரம் வந்தது, ஆனால் பேரிங்கின் ஒரு பகுதி ஆக்ஸிலிலேயே தங்கிவிட்டது. இந்தப் பேரிங்கின் உள் வளையம் இரண்டு பாதியாக இருக்கும். டிரம்மை இழுக்கும்போது உட்பக்கப் பாதி ஆக்ஸிலோடு நின்றுகொள்வது சகஜம். எடுக்கும் முன் டார்ச் அடித்து உற்றுப் பார்த்தேன். இந்த வேலையில் நான் ரொம்ப நேரம் நின்று பார்த்த இடம் இதுதான். வளையத்தின் மேல் பாதி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. கீழ்ப் பக்கம், கடிகாரத்தில் 5 முதல் 7 வரையான இடத்தில் மட்டும், ஓடுபாதை பொரிந்து கிடந்தது. நகத்தை ஓட்டினால் மாட்டுகிற ஆழத்துக்குக் குழிகள், அவற்றின் ஓரத்தில் சாம்பல் நிறத் திட்டுகள். வண்டியின் எடை ஆக்ஸில் வழியாகக் கீழ்நோக்கி அழுத்துகிறது, உள் வளையமோ சுற்றாமல் நிற்கிறது. ஆக, அத்தனை வருடமும் அந்தக் கீழ்ப் பகுதி மட்டுமே சுமந்திருக்கிறது. கிரீஸ் துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்தது. சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் ஏறியதற்கும் காரணம் கண்முன்னால் இருந்தது. பாரம் கூடக் கூட, குண்டுகள் அந்தக் குழிகளில் இன்னும் அழுத்தமாக விழுந்து எழுந்திருக்கின்றன.

இந்த வளையம் கையால் வர வேண்டியது, துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தேன். புல்லரின் கால்கள் பிடிக்க விளிம்பு போதவில்லை, வழுக்கியது. அப்புறம் கிரைண்டரை எடுத்தேன். ஷூக்கள், வீல் சிலிண்டர் ரப்பர், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார் எல்லாவற்றையும் ஈரத்துணியால் மூடிவிட்டு, வளையத்தின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டினேன். முழுதாக வெட்டக் கூடாது. ஆக்ஸிலைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். பிறகு அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஒரே ஒரு அடி. 'டிக்' என்று ஒரு சத்தம், வளையம் விரிசல் விட்டுத் தளர்ந்தது. கடின எஃகின் குணம் இந்த இடத்தில் நமக்குச் சாதகம், அது வளையாது, பிளக்கும். விரலால் இழுத்ததும் கழன்று வந்தது. கேஸ் டார்ச்சால் சூடாக்கலாம் என்பார்கள். வீல் சிலிண்டரும் சென்சாரும் அவ்வளவு பக்கத்தில் இருக்கையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

டிரம் பக்கம் வந்தால், முதலில் சர்க்ளிப். என் டிரம்மில் அது பிரேக் பக்கம், உட்புறத்தில் இருக்கிறது. அதன் பள்ளத்தில் இருந்த துருவைச் சுரண்டிவிட்டு, பிளையரின் முனைகளைத் துளைகளில் வைத்துச் சுருக்கி எடுத்தேன். இது தெறித்துப் போகிற பொருள், முகத்தை நேராக வைக்காதீர்கள்.

பழைய பேரிங்கை வெளியே தள்ள எந்த விதியும் பார்க்க வேண்டியதில்லை. குண்டுகள் வழியாகவே விசை போகட்டும், எப்படியும் அது குப்பைக்குத்தான். நட் பக்கம் மிச்சமிருந்த உள் வளையப் பாதியின் மேல் தட்டு வைத்து, மறுபக்கம் டிரம்மின் முகத்தில் பேரிங்கை விடப் பெரிய விட்டமுள்ள குழாயை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே திரெட் ராட்டைச் செருகி நட்டை இறுக்கினேன். ராட்டின் திரெட்டில் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு 'படார்' என்று ஒரு சத்தம். கேட்டால் ஏதோ உடைந்துவிட்டது என்று தோன்றும். துருப்பிடி விடுகிற சத்தம் அது. அதற்குப் பிறகு நட்டைத் திருப்பத் திருப்ப பேரிங் குழாய்க்குள் சீராக இறங்கியது.

காலியான துளையைப் பிரேக் கிளீனரால் துடைத்து, நைஸ் எமரியால் துருவை மட்டும் எடுத்தேன். உலோகத்தைத் தேய்க்கக் கூடாது. துளை பெரிதானால் இறுக்கம் போய்விடும். விரலை உள்ளே சுற்றிவிட்டு ஆழமான கீறலோ, வளையம் நகர்ந்து தேய்ந்த பளபளப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பேரிங் போட்டும் பயனில்லை, டிரம்மையே மாற்றுவதுதான் சரி. எனது நன்றாக இருந்தது. சர்க்ளிப் பள்ளத்தையும் முழுவட்டமும் சுத்தம் செய்தேன்.

பழைய பேரிங்கின் வெளி வளையம் கைக்கு வந்துவிட்டதல்லவா, அதைத் தூக்கி எறியாதீர்கள். புதிய பேரிங்கை அழுத்த அதைவிடப் பொருத்தமான கருவி வெளியே கிடைக்காது, வெளி வளையத்தின் அளவு அப்படியே அதில் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல், பேரிங் துளைக்குள் சர்க்ளிப் பள்ளத்தைத் தாண்டி இறங்க வேண்டும், அழுத்துகிற வளையமும் கூடவே உள்ளே போகும், போனால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால் அதன் வெளிப்பரப்பைக் கிரைண்டரில் சுற்றிலும் லேசாகத் தேய்த்து, துளைக்குள் தளர்வாகப் போய்வருகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டேன்.

இனி வெப்பம். என் பேரிங்கின் அளவு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 37 மில்லிமீட்டர். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுருங்கும் அல்லது விரியும். அறையில் 30 டிகிரியில் இருக்கும் பேரிங்கை ஃப்ரீசரின் மைனஸ் 18-க்குக் கொண்டுபோனால் வித்தியாசம் 48 டிகிரி. 52 மில்லிமீட்டர் விட்டத்தில் கிட்டத்தட்ட 30 மைக்ரான் சுருங்கும். வார்ப்பிரும்பு டிரம்மின் நடுப்பகுதியை 90 டிகிரி வரை சூடாக்கினால் துளை சுமார் 34 மைக்ரான் விரியும். இரண்டும் சேர்ந்தால் 60-ஐத் தாண்டுகிறது. இந்த அளவுப் பேரிங்கின் இறுக்கமே சில பத்து மைக்ரான்தான். ஆக, ஃப்ரீசர் மட்டும், அல்லது சூடு மட்டும் என்றால் பாதி உதவி. இரண்டும் சேர்ந்தால் டன் கணக்கில் அழுத்த வேண்டிய வேலை கையால் திருகுகிற வேலையாகிவிடும். குண்டுகளுக்குப் பாதுகாப்பும் அதில்தான்.

பேரிங்கை அதன் உறையோடு, காற்றுப் புகாத பையில் போட்டு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். பையில்லாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் நீர்த்துளி படியும், துருவுக்கு நாமே விதை போட்ட மாதிரி ஆகும். டிரம்மை ஹாட் ஏர் கன்னால் நிதானமாக, சுற்றிச் சுற்றிச் சூடாக்கினேன். 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்தச் சூட்டுக்குள் இறங்கப்போகிற பேரிங்குக்குள் ஏற்கெனவே கிரீஸும் ரப்பர் சீலும் இருக்கின்றன. அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீறிக் கொதித்தால் அளவுக்கு மிஞ்சிவிட்டது, ஆறவிடுங்கள்.

பேரிங்கை எந்தப் பக்கம் பார்க்க வைக்கிறோம் என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். என் வண்டியில் ஏபிஎஸ்ஸுக்கான பல்வளையம் டிரம்மிலேயே தனியாக இருக்கிறது. அதன் பற்களில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பல வண்டிகளில் பல்வளையத்துக்குப் பதிலாகப் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பார்க்கச் சாதாரண ரப்பர் சீல் போலவே தெரியும். ஒரு சின்ன இரும்பு கிளிப்பைக் கிட்டே கொண்டுபோனால் அந்தப் பக்கம் மட்டும் லேசாக இழுக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, திருப்பி எடுக்கப் போனால் புதுப் பேரிங் வீணாகும். அந்த முகத்தைக் காந்தத் தட்டில் வைக்கவோ, சுத்தியலால் தட்டவோ கூடாது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தாமதிக்க நேரமில்லை. பேரிங்கைத் துளையின் வாயில் நேராக வைத்து, சுற்றிலும் விரலால் தடவி ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, தேய்த்த பழைய வளையத்தை அதன் வெளி வளையத்தின் மேல் உட்காரவைத்து, தட்டுகளோடு திரெட் ராட்டை இறுக்கினேன். சாய்வாகப் போகத் தொடங்கினால் உடனே நிறுத்தி நேராக்க வேண்டும். சாய்வோடு இழுத்தால் துளையில் கீறல் விழும். எனக்கு முதல் பாதி ஸ்பானரே வேண்டாத மாதிரி இறங்கியது. பிற்பாதியில் டிரம்மும் பேரிங்கும் ஒரே சூட்டுக்கு வரத் தொடங்கியதால் இறுக்கம் தெரிந்தது. அடிமட்டத்தைத் தொட்டதும் ஸ்பானரில் சட்டென்று ஒரு கடினம் வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பள்ளம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துப் புது சர்க்ளிப்பைப் போட்டேன். அது பள்ளத்தில் உட்காரும் 'கிளிக்' சத்தத்தோடு விட்டுவிடாமல், ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுற்றி வந்து ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பார்த்தேன்.

ஆக்ஸிலில் மிச்சமிருந்த துருவை எமரியால் துடைத்து, மெல்லிய படலமாக எண்ணெய் தடவினேன். டிரம்மை நேராகத் தள்ளினேன், கையாலேயே ஏறியது. ஏறாவிட்டால் சுத்தியலால் டிரம்மை அடிக்கக் கூடாது. டிரம்மில் அடித்தால் விசை வெளி வளையத்திலிருந்து குண்டுகள் வழியாகத்தான் உள் வளையத்துக்குப் போகும், இதுவரை காத்த விதி கடைசி நேரத்தில் உடையும். துரு எங்கே தடுக்கிறது என்று பார்த்துத் துடைப்பதே வழி.

நட் புதியதாகத்தான் இருக்க வேண்டும். என் வண்டியின் மேனுவலில் இதற்கான டார்க் 175 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு வேறு எண் இருக்கும், அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இந்த எண் வெறும் நட் கழன்று விழாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல. உள் வளையத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்து அழுத்திப் பிடிப்பது இந்த நட்தான். அப்படி முட்டினால்தான் தொழிற்சாலையில் வைத்த இடைவெளி குண்டுகளுக்குக் கிடைக்கும். குறைவாக இறுக்கினால் பாதிகள் விலகி, ஆட்டம் வந்து, பேரிங் சீக்கிரமே போகும். 'கைக்கணக்கில் டைட் பண்ணியாச்சு' என்பது இதற்குச் செல்லாது. 60 சென்டிமீட்டர் நீள ரெஞ்சின் நுனியில் 175 என்றால் ஏறக்குறைய 30 கிலோ அழுத்தம். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் அதைப் பக்கவாட்டில் இழுக்காமல், மேலிருந்து கீழாக அழுத்தினால் வண்டி ஆடாது. ஒரு கையால் டிரம்மைச் சுற்றிக்கொண்டே இறுக்கினேன், குண்டுகள் தம் இடத்தில் உட்காரட்டும் என்று. இந்த இறுக்கம் முடிவதற்கு முன் சக்கரத்தில் பாரத்தை இறக்கக் கூடாது. இம்பாக்ட் கன்னையும் இந்த நட்டின் பக்கம் கொண்டுவரவில்லை.

டேப்பர் ரோலர் வகை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே 175-க்கு இறுக்கினால் ரோலர்கள் நெரிந்து, கொஞ்ச தூரத்திலேயே சூடேறிப் பூட்டிக்கொள்ளும்.

டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொன்னதும், நட்டின் கழுத்தை மொட்டையான பஞ்ச்சால் ஆக்ஸில் பள்ளத்துக்குள் தட்டிப் பூட்டினேன். கூரான உளி தகட்டைக் கிழித்துவிடும். புது டஸ்ட் கேப்பை நடுவில் அடிக்காமல் விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டி உட்காரவைத்தேன். நசுங்கிய பழைய கேப்பைத் திரும்பப் போட்டால் தண்ணீர் அந்த வழியாகவே போகும். இந்தப் பேரிங் செத்ததும் தண்ணீரால்தான்.

பிரேக் அட்ஜஸ்டரைப் பின்னுக்கு நகர்த்தியிருந்தோம் இல்லையா, அதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைச் சுற்றினால் ஷூ லேசாக உரசுகிற இடத்தில் நிறுத்தினேன். ஓட்டுவதற்கு முன் பிரேக் பெடலைப் பல முறை மிதித்துப் பழைய உயரத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது. ஹேண்ட் பிரேக் இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்தேன்.

முதல் ஓட்டத்தை மெதுவாகத் தொடங்கினேன். 40, 60, 80. ஊளை இல்லை. டயர் சத்தமும் காற்றும் மட்டும். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. நிறுத்தியதும் இறங்கி வந்து இரண்டு பின் ஹப்புகளின் நடுவிலும் கையை வைத்துப் பார்த்தேன். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். இல்லாவிட்டால் டிரம்மின் சூடு குழப்பும். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு. புதியது மட்டும் கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் இறுக்கத்தில் ஏதோ தவறு, மேலே ஓட்டக் கூடாது. நூறு கிலோமீட்டர் போல ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்தேன்.

இடது பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். பிரேக் ஷூவை ஜோடியாக மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் புதியது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேரிங்குக்கு அந்தக் கணக்கு இல்லை. ஸ்பிரிங்கில் விரல் வைத்தபோது இடது பக்கம் அமைதியாகச் சுற்றியது. சத்தமோ, அதிர்வோ, ஆட்டமோ இல்லாத பேரிங்கைக் கழற்றினால் நல்ல உள் வளையத்தையும் குண்டுகளையும் நாமே உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதன் டஸ்ட் கேப்பின் விளிம்பில் மட்டும் துரு ஏறியிருந்தது. அதை மாற்றிவிட்டு, அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.